கடைசிப் பெயர்

லார்ச் வீதி நூலகத்தில் டொலறஸ் ஜெராட் சேர்ந்தது புத்தகங்களை அடுக்கும் வேலைக்கு. 1998ஆம் ஆண்டு, சனிக்கிழமைகளில் மட்டும், நான்கு மணி நேரம். அதற்கு முன் ஆறு வருடங்கள் லண்டனின் ஹவுன்ஸ்லோவில் விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் தொழிற்சாலையில் நின்றவர். கணவர் ஜெராட்டுக்கு நகரின் கிழக்கே பார்க்கிங் என்ற ஊரில் வேலை கிடைத்தபோது குடும்பம் ஈஸ்ட் ஹாமுக்கு வந்தது. நூலகம் அங்கிருந்து ஒரு பஸ் தூரம். சில வருடங்களில் வேலை முழுநேரமானது.

நூலகத் தொழிலை அவருக்கு யாரும் இருத்திக் கற்பிக்கவில்லை. கணினியில் ஒரு புதிய பக்கம் வந்தால், அதில் எந்தப் பொத்தானையும் அமத்துவதற்கு முன் அதன் உதவிக் குறிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். கவுண்டரில் யாராவது கேட்டு, தனக்குப் பதில் தெரியாத கேள்விகளைக் கட்டம் போட்ட கொப்பியில் எழுதிவைப்பார். மறுநாள் பதிலைத் தேடி அதற்கு நேரே எழுதுவார். 2007இல் அப்படிப் பதினொரு கொப்பிகள் இருந்தன. மற்றக் கிளைகளிலிருந்து பட்டம் பெற்ற நூலகர்களும் தொலைபேசி எடுத்து, “டொலறஸ் நிற்கிறாவா?” என்று கேட்பார்கள்.

அந்த ஆண்டு வரையில் தமிழ் வார இதழ்கள் அச்சில்தான் வந்தன. சென்னையிலிருந்து இரண்டு வாரம் பிந்தி வரும். வந்த அன்றே குறுக்கெழுத்துப் போட்டியை யாரோ பேனையால் நிரப்பிவிடுவார்கள். சமையல் பக்கங்கள் பிளேட்டால் நேராக வெட்டப்பட்டிருக்கும். தொடர்கதைக்காகக் காத்திருந்த ஒருவர் புது இதழை வங்காளிப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, நாளுக்கு இரண்டு பக்கமாகப் படித்துக்கொண்டிருந்ததை டொலறஸ் ஒரு முறை கண்டுபிடித்தார். அவரை ஏசவில்லை. முடிந்ததும் இதழ்த் தட்டில் வைக்கச் சொன்னார்.

2007 ஒக்ரோபரில் நூலகங்கள் அச்சு இதழ்களில் பலவற்றை நிறுத்தி, இணையத்தில் இதழ்களைத் திறந்து காட்டும் ஒரு கம்பனியிடம் சந்தா எடுத்தன. ஐந்து தமிழ் இதழ்கள் அதில் இருந்தன. பக்கங்களைப் படமாகவே காட்டியதால் தமிழ் எழுத்துரு இல்லாத கணினியிலும் படிக்கலாம். நூலகக் கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளில் ஒன்றும் கேட்காமல் திறக்கும். வீட்டிலிருந்து திறப்பதற்கு நூலக அட்டையின் இலக்கத்தையும் கடைசிப் பெயரையும் அடிக்க வேண்டும். அச்சுப் பிரதிகளை நிறுத்தச் சம்மதமா என்று மேலிடம் கேட்டபோது, சம்மதம் என்று எழுதிக் கொடுத்தவர் டொலறஸ். வெட்டப்படாத சமையல் பக்கம் எல்லாருக்கும் கிடைக்கும் என்று அவர் நம்பினார்.

ஜனவரியில் கிருஷ்ணமூர்த்தி அவரைக் கூப்பிட்டனுப்பினார். அந்தப் பகுதியை நிர்வகிக்கும் கவுன்சிலின் பத்து நூலகங்களுக்கும் இணையச் சேவைகளை வாங்கி நடத்துவது அவருடைய பொறுப்பு. மலேசியாவில் ஈப்போவில் பிறந்து, படிக்க வந்து, முப்பது வருடங்களாக லண்டனில் இருப்பவர். மேசையில் ஒரு தாளைத் திருப்பி வைத்தார். டிசம்பர் மாதத்தில் போலந்து மொழி இதழ்கள் அறுநூற்று நாற்பது தடவை திறக்கப்பட்டிருந்தன. உருது நானூற்றுப் பத்து. தமிழ் பதினான்கு.

“பதினாலுல ஒம்பது உங்க கட்டடத்துக்குள்ளயே திறந்தது. அது நீங்க சனங்களுக்குக் காட்டினது, இல்லைங்களா?” என்று கேட்டார்.

ஆமென்று டொலறஸ் தலையசைத்தார்.

பெப்ரவரி இருபத்தெட்டாம் திகதி கூட்டத்தில் அடுத்த ஆண்டுக்கான பட்டியலை முடிவு செய்வார்கள் என்றும், மாதம் இருநூறு தடவைகூடத் திறக்கப்படாத மொழியைத் தன்னால் பட்டியலில் வைத்துக் கையெழுத்துப் போட முடியாது என்றும் கிருஷ்ணமூர்த்தி சொன்னார். அவர் கடுமையாகப் பேசவில்லை. அதனால் டொலறஸுக்குக் கூடுதலாகச் சுட்டது. அச்சுப் பிரதிகள் போய்விட்டன. இதுவும் போனால் அந்த நூலகங்களில் படிப்பதற்குத் தமிழில் ஒரு வார இதழும் இராது. அச்சை நிறுத்தச் சம்மதித்தவர் டொலறஸ்தான்.

அடுத்த மூன்று வாரமும் துண்டுப் பிரசுரம் அடித்துக்கொண்டு திரிந்தார். தேவாலயத்தில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து சனம் வெளியே வரும் வாசலில் நின்றார். ஹை ஸ்ட்ரீற் நோர்த் கடைத்தெருவில் சேலைக் கடை, மளிகைக் கடை என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். எல்லாரும் வாங்கினார்கள். “ஓம் ஓம், பாக்கிறம்” என்றார்கள். சொல்லும்போது சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவர் கவனித்தார். விருப்பமில்லை போலிருக்கிறது, அதை முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

பெப்ரவரி ஆறாம் திகதி மத்தியானம், வேலைக்குப் போகும் வழியில் வசந்தமலர் நூலகத்துக்கு வந்தார். பார்க்கிங்கில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பின்னேர ஷிப்ட் செய்பவர். தொடர்கதைகளை விடாமல் படித்தவர்களில் ஒருவர். கவுண்டரில் சாய்ந்துகொண்டு, அச்சு இதழ்கள் இனி வரவே வராதா என்று கேட்டார்.

“வீட்டில இருந்து வாசிக்கலாமெண்டு எத்தினை தரம் சொன்னனான் வசந்தி? கொம்பியூட்டர் இல்லையோ?”

“கிடக்கு.”

“பிறகென்ன, பஞ்சியோ, அலுப்போ?”

வசந்தமலர் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“டொலறஸ் அக்கா, ஒருதருக்கும் சொல்லாதேங்கோ. அது என்ர பேர் பதிவில இல்லையாம்.”

மூன்று தடவை முயன்றதாகவும், மூன்று தடவையும் ஒரு சிவப்பு வரி வந்ததாகவும் சொன்னார். ‘நீங்கள் தந்த பெயர் எங்கள் பதிவுடன் பொருந்தவில்லை.’ அதே வரி 1999இல் அவருக்கு ஒரு கடிதத்தில் வந்திருந்தது. அகதி விண்ணப்பத்தில் பெயரின் ஆங்கில எழுத்து ஒன்று விடுபட்டிருந்தது. அந்த ஒரு எழுத்தைச் சரிசெய்ய இரண்டு வருடங்களும் ஒரு வழக்கறிஞரும் வேண்டியிருந்தன. இப்போது அதே வரியைத் திரையில் கண்டதும் கணினியின் வயரையே சுவரிலிருந்து கழற்றிவிட்டார்.

“பிறகு ஒரு கிழமை ஆர் கதவைத் தட்டினாலும் யன்னலால பாத்துத்தான் திறந்தனான்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. புருஷனுக்குக்கூட.

டொலறஸ் தன் கைப்பையிலிருந்த மடிக்கணினியை எடுத்து, நூலக இணைப்பில் போடாமல் வெளி இணைப்பில் போட்டு, வசந்தமலரை அடிக்கச் சொன்னார். அவர் அட்டை இலக்கத்தை அடித்தார். கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் சண்முகராசா என்று ஆங்கிலத்தில் அடித்தார். அது கணவரின் பெயர். கடவுச்சீட்டிலும் வேலையிடத்திலும் டொக்டரிடமும் அவருக்கு அதுதான் கடைசிப் பெயர். சிவப்பு வரி வந்தது.

டொலறஸ் கவுண்டர்த் திரையில் அந்த அட்டையின் பதிவைத் திறந்து பார்த்தார். முதற் பெயர்: சண்முகராசா. கடைசிப் பெயர்: வசந்தமலர். பதிந்தவர் என்ற இடத்தில் டொலறஸின் பெயரின் முதலெழுத்துகள் நின்றன.

அவர் அதைத் தெரியாமல் செய்யவில்லை. 2004இலிருந்து மூன்று வருடம் அவர் கோயில் கோயிலாகவும் தமிழ்ப் பாடசாலைகளிலும் மேசை போட்டு, தமிழ்ச் சனத்தை நூலகத்தில் சேர்த்தார். படிவத்தில் முதற் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. எதை எங்கே எழுதுவது என்று எல்லாரும் கேட்டார்கள். டொலறஸ் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். நாங்கள் தகப்பன் பெயரையோ புருஷன் பெயரையோ முன்னுக்கு எழுதுகிறோம், எங்கள் பெயர் கடைசியில் வருகிறது. ஆகவே எங்கள் பெயர்தான் கடைசிப் பெயர். முன்பதிவு செய்த புத்தகம் வந்துவிட்டதென்று நூலகம் அனுப்பும் கடிதம் பிறகு ‘திருமதி வசந்தமலர்’ என்று வந்தது. இங்கிலாந்துக்கு வந்தபின் தன் சொந்தப் பெயருக்கு வந்த முதல் ஆங்கிலக் கடிதம் என்று ஒரு பெண் அதை டொலறஸிடம் கொண்டுவந்து காட்டியதும் உண்டு. அது அவருக்குப் பெருமையாக இருந்தது.

டொலறஸின் சொந்த அட்டையை 1998இல் ஓர் ஆங்கிலேயப் பெண் கடவுச்சீட்டைப் பார்த்துப் பதிந்திருந்தார். கடைசிப் பெயர்: ஜெராட். அதனால் அவர் வீட்டிலிருந்து திறந்தபோதெல்லாம் இதழ்கள் திறந்தன. பிழை அவர் கண்ணில் படவே இல்லை.

அன்று பின்னேரம் எண்ணிப் பார்த்தார். அவர் கையால் அப்படிப் பதிந்த அட்டைகள் நூற்று எழுபத்துமூன்று.

இரவுச் சாப்பாட்டின்போது ஜெராட்டிடம் சொன்னார். ஜெராட் சோற்றைப் பிசைந்துகொண்டே, “இதுக்கேன் தலையைப் போட்டு உடைக்கிறாய்? முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் நீயே மாத்திவிடன். ஆருக்குத் தெரியப்போகுது?” என்றார்.

அது நடக்கக்கூடிய காரியந்தான். ஒரு கிழமை இருந்தால் முடித்துவிடலாம். ஆனால் அப்படிச் செய்தாலும் ஒக்ரோபரிலிருந்து ஜனவரி வரையிலான கணக்கு அப்படியே கிடக்கும். தமிழருக்கு ஆர்வமில்லை என்றுதான் கூட்டத்தில் வாசிப்பார்கள். அதோடு, ஒரு தடவை கேளாமல் மாற்றி எழுதிய பெயரை இரண்டாம் தடவையும் கேளாமல் மாற்றுவதா என்ற எண்ணமும் அவருக்கு வந்தது. காலையில் வேலைக்குப் போகாமல் நேரே கிருஷ்ணமூர்த்தியின் அலுவலகத்துக்குப் போனார்.

“மூர்த்தி அண்ணை, பிழை கம்பனியில இல்லை. சனத்திலயும் இல்லை. நான்தான் விட்டது” என்று தொடங்கி, கொண்டுபோன பட்டியலை வைத்தார்.

கிருஷ்ணமூர்த்தி இரண்டு பக்கத்தையும் படித்தார்.

“கடைசிப் பேருன்னா கடைசியா வர்ற பேருன்னு நினைச்சிட்டீங்க.”

“வேற என்னெண்டு நினைக்கிறது?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். தன் கடவுச்சீட்டில் கிருஷ்ணமூர்த்தி ஏ/எல் ராமு என்று இருப்பதாகச் சொன்னார். ஏ/எல் என்றால் மலாய் மொழியில் இன்னாருடைய மகன். இங்கே அது யாருக்கும் விளங்கவில்லை. “முப்பது வருஷமா பேங்க் கடுதாசி ‘மிஸ்டர் ஏ. எல். ராமு’ன்னு வருது. செத்துப்போன எங்கப்பாவுக்கு லண்டன்ல அக்கவுண்ட் இருக்குங்க.”

பிறகு முகம் மாறி, இதைத் தான் மறைத்து எழுத முடியாது என்றார். நான்கு மாதம் ஏன் யாரும் திறக்கவில்லை என்று எழுதினால், யார் பதிந்தது என்று கேட்பார்கள்.

“எழுதுங்கோ. என்ர பேரைப் போடுங்கோ.”

“எந்தப் பேர? முதல் பேரா, கடைசிப் பேரா?”

டொலறஸ் சிரித்துவிட்டார். முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தார்.

ஆனால் பிழையை ஒத்துக்கொண்டால் மட்டும் போதாது என்று கிருஷ்ணமூர்த்தி சொன்னார். கதவு பூட்டியிருந்தது சரி. சனம் கதவு வரைக்கும் வந்தார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி? அதற்கு டொலறஸிடம் பதில் இருந்தது. கம்பனியின் உதவிக் கையேட்டை அவர் முழுதும் படித்திருந்தார். அறுபத்தோராம் பக்கத்தில், திறக்க முயன்று மறுக்கப்பட்ட தடவைகளும் அட்டை இலக்கத்தோடு சேமிக்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. இரண்டு வருடம் அந்தச் சேவையை நடத்த ஆயத்தம் செய்த கிருஷ்ணமூர்த்திக்கு அது புதுச் செய்தி. கையேட்டை வாங்கித் தானும் பார்த்தார்.

கம்பனி முதலில் அப்படி ஒரு பட்டியல் தருவதில்லை என்றது. பக்க எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுதியபோது, தரலாம், ஒரு மாதம் செல்லும் என்றது. கிருஷ்ணமூர்த்தி தொலைபேசியில் கூப்பிட்டு, அடுத்த ஆண்டுச் சந்தாவை முடிவுசெய்யும் கூட்டம் எந்தத் திகதியில் என்று நிதானமாகச் சொன்னார். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, பட்டியல் வந்தது.

நூற்று எழுபத்துமூன்று அட்டைகளில் நூற்று முப்பத்தொரு அட்டைகள் முயன்றிருந்தன. மறுக்கப்பட்ட தடவைகள் ஆயிரத்து முன்னூற்று எண்பத்தாறு. பலர் ஒரு தடவை, இரண்டு தடவையோடு நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தாதவர்களும் இருந்தார்கள். ஓர் அட்டை நாற்பத்தொரு தடவை முயன்றிருந்தது, பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில். அன்றுதான் புதிய இதழ்கள் ஏறும். டொலறஸ் இலக்கத்தைப் பார்த்தார். பார்க்கிங்கில் பஸ் ஓட்டும் கிறிஸ்துநாயகத்தின் அட்டை.

துண்டுப் பிரசுரத்தை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியவர்களை அவர் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். கூச்சம் என்று தான் நினைத்தது பயம்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு டொலறஸ் போகவில்லை. அது அவர் போகும் கூட்டமல்ல. கவுண்டரில் நின்று வழக்கமான வேலையைச் செய்தார். ஒருவருக்கு இரண்டு தடவை ஒரே புத்தகத்தைப் பதிந்து கொடுத்தார். நாலு மணிக்குக் கிருஷ்ணமூர்த்தி அழைத்தார். தமிழ் இதழ்களுக்கு செப்ரெம்பர் முடியும்வரை தவணை. அதற்குள் மாதம் இருநூறு வர வேண்டும். மார்ச் மாதத்துக்குள் நூற்று எழுபத்துமூன்று அட்டைகளையும் டொலறஸே சரிசெய்ய வேண்டும். அவருடைய கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் சேர்க்கப்படும். புதிய ஊழியர்களுக்கான இரண்டு நாள் பதிவுப் பயிற்சிக்கும் அவர் போக வேண்டும்.

போனார். பத்து வருட அனுபவத்தோடு இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து குறிப்பெடுத்தார். இரண்டாம் நாள் பயிற்றுநர் சொன்ன ஒரு குறுக்குவழி பிழையென்று கண்டு, இடைவேளையில் அவரிடம் தனியே சொன்னார்.

தொலைபேசி அழைப்புகள்தான் கஷ்டமாக இருந்தன. “நூலகத்தில இருந்து கதைக்கிறன், உங்கட பேர் சம்பந்தமா” என்று அவர் தொடங்கியதும் சனம் போனை வைத்தது. முதல் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் அப்படி. கிறிஸ்துநாயகமும் வைத்தார். டொலறஸ் புதிதாக ஒரு தொடக்கத்தை எழுதிவைத்துக்கொண்டு மறுநாள் அவரை மறுபடி கூப்பிட்டார்.

“அண்ணை, வைக்காதேங்கோ. ஒரு அரசாங்கக் காரியமும் இல்லை. வெள்ளிக்கிழமைப் புத்தகம் இனித் திறக்கும்.”

அவர் வைக்கவில்லை. “ஆர் பூட்டினது?”

“நான்தான் அண்ணை. உங்கட பேரை மாறிப் பதிஞ்சுபோட்டன். நீங்கள் நாப்பத்தொரு தரம் தட்டியிருக்கிறியள்.”

“ஓம் தங்கச்சி. ஒரு ஐம்பது தரம் அடிச்சா அவங்கள் களைச்சு விட்டிடுவாங்கள் எண்டு பாத்தனான்.”

அவர் கடவுச்சீட்டில் உள்ளதைப் போலவே பதியச் சொன்னார். டொலறஸ் எல்லாரிடமும் அதையே கேட்டார்: எந்தப் பெயரை அடிக்க விருப்பம்? திரைக்குத் தேவை பதிவிலுள்ள பெயரும் அடிக்கும் பெயரும் ஒன்றாக இருப்பதுதான். எது என்பது அதற்குப் பொருட்டில்லை. தொண்ணூற்றிரண்டு பேர் கடவுச்சீட்டுப் பெயரைக் கேட்டார்கள். அறுபத்துநாலு பேர், பெரும்பாலும் பெண்கள், பழையபடியே இருக்கட்டும், இனி அதையே அடிக்கிறோம் என்றார்கள். பதினேழு பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வீடு மாறிப் போயிருந்தார்கள்.

வசந்தமலர் நேரில் வந்தார். “என்ர பேரே இருக்கட்டும் அக்கா. சண்முகராசா எண்டு போட்டா அவர் தன்ர அட்டையெண்டு கொண்டு போயிடுவார்.”

மார்ச் மாதம் தமிழ் இதழ்கள் முன்னூற்றுப் பதினெட்டுத் தடவை திறக்கப்பட்டன. ஜூனில் அறுநூறைத் தாண்டியது. வேறு சில மாற்றங்களும் வந்தன. பத்து நூலகங்களின் சேர்க்கைப் படிவத்திலும் ‘கடைசிப் பெயர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘இணையத்தில் நீங்கள் அடிக்கப்போகும் பெயர்’ என்று கிருஷ்ணமூர்த்தி போட்டார். அந்தச் சிவப்பு வரியை மாற்றும்படி கம்பனியிடமும் கேட்டார்கள். இப்போது அது, ‘திறக்கவில்லையா? உங்கள் நூலகத்தைக் கேளுங்கள், உதவுவார்கள்’ என்று சொல்கிறது. அந்த வசனத்தை டொலறஸ் எழுதிக் கொடுத்தார். சிவப்பு வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான்.

செப்ரெம்பர் கடைசிக் கிழமையில் கிருஷ்ணமூர்த்தியிடமிருந்து அழைப்பு வந்தது. பட்டியலில் ஐந்து இதழ்களும் இருப்பதாகவும், இம்முறை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்றும் சொன்னார். டொலறஸ் கண்ணை மூடித் திறந்தார். நன்றி சொன்னார். பிறகு, கவுண்டரில் மூன்று தாய்மார் கேட்டுப் போனதாகவும், அதே கம்பனியிடம் சிறுவர்களுக்கான தமிழ் இதழ் ஒன்று இருப்பதாகவும், கையேட்டின் எழுபத்தெட்டாம் பக்கத்தின்படி நடு ஆண்டிலும் ஓர் இதழைச் சேர்க்க இடமுண்டு என்றும் தொடங்கினார்.

“முதல்ல போன வைங்க டொலறஸ். நான் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்-லா” என்று ஈப்போப் பேச்சில் சொன்னார் கிருஷ்ணமூர்த்தி. வைக்கும் முன் பக்க எண்ணை மட்டும் இன்னொரு தரம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.